தண்ணி குடிங்கண்ணா

எனக்குத் தண்ணீர் அதிகம் குடிக்கிற பழக்கம் கிடையாது. நேற்று உங்கள் அறையில் எனக்கு முன்னால் வைத்த டம்ளரை நான் கடைசிவரை தொடவில்லை என்பதற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை, மேடம். "குடிங்க, பதட்டப்படாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னீர்கள். எனக்குப் பதட்டம் இல்லை. மின்விசிறிதான் தலைக்கு மேலே கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் திருகு தளர்ந்திருக்கிறது. ஆளைக் கூப்பிட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். இணையத்தில் நான் எழுதிய பதினொரு கருத்துகளையும் அச்செடுத்து, தேதிவாரியாக அடுக்கி, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தீர்கள். "இவ்வளவு தெளிவா சொல்லியிருக்கீங்க. ஒரு தடவையாவது கேட்டிருந்தா அந்த மனுஷன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பார்" என்றீர்கள். பிறகு நான்கு வெள்ளைத் தாள்களைக் கொடுத்து, தெரிந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நான்கு தாள் போதவில்லை. மகளின் நோட்டிலிருந்து இன்னும் சிலவற்றைக் கிழித்துக்கொண்டேன். ஓரத்தில் பூப்படம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் கேஸ் ஹீட்டர் மாட்டுவது, பழுது பார்ப்பது. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. தையல் கடைக்கும் நகல் எடுக்கிற கடைக்கும் நடுவில், ஷட்டரை முழுதாகத் தூக்கினால்தான் உள்ளே வெளிச்சம் வருகிற ஒரு சின்னக் கடை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் நெருப்பைத்தான் பார்ப்பேன். நீலமாக எரிந்தால் நல்லது. மஞ்சளாக எரிந்தால் அதற்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். காற்று போதாத நெருப்பு ஒரு கெட்ட வாயுவை விடும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண்ணைக் கரிக்காது. குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தான ஹீட்டரைப் பார்த்தால், அதைப் பற்றவைக்கத் திருகும் குமிழைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். குமிழ் இல்லாமல் யாராலும் பற்றவைக்க முடியாது. சரிசெய்த பிறகு திருப்பிக் கொடுப்பேன். ஜனங்கள் திட்டுவார்கள். ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் தெருமுனை வரை செருப்பில்லாமல் துரத்திக்கொண்டு வந்தார். கொடுக்கவில்லை. கடையில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் குமிழ்கள் இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் என் கைபட்ட ஹீட்டர் எதனாலும் ஒரு உயிர் போனதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு பெருமை எனக்கு இல்லை.

இனி அந்த அம்மாவைப் பற்றி. அவரை ஊரே சுத்தியல் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். பழைய வீடு ஒன்றை வாங்கி, தன் கையாலேயே இடித்துக் கட்டி, அதை வாரம் இரண்டு வீடியோவாகப் போடுகிறவர். கெட்டிக்காரி. ஓடு பதிப்பது, மரம் அறுப்பது எல்லாம் சுத்தமாகச் செய்வார். பார்த்துக்கொண்டே இருக்கலாம். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மற்ற நாலு பேரைப் போல.

ஒரு வீடியோவில் அடுப்புக்குப் போகிற ரப்பர் டியூப், சூடாகிற இரும்புத் தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. நான் கீழே எழுதினேன்: "சகோதரி, வேலை அருமை. அந்த டியூப் மட்டும் தகட்டில் படுகிறது. நாளடைவில் உருகிவிடும். தயவுசெய்து மாற்றிவிடுங்கள்." இவ்வளவுதான். இதில் குற்றம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

அந்தச் சேனலில் சனிக்கிழமைதோறும் ஒரு பகுதி வரும். அந்த வாரம் வந்த குறைகளில் ஒன்றை எடுத்து, மூக்கால் பேசுகிற ஒரு குரலில் வாசிப்பார். வாசித்து முடித்ததும் இடது பக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டும். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை நம்மை நோக்கி நீட்டி, "தண்ணி குடிங்கண்ணா" என்று சிரிப்பார். பெண்கள் எழுதியிருந்தால் "தண்ணி குடிங்கக்கா". பிறகு எதைச் செய்யாதே என்று எழுதினார்களோ அதையே செய்து காட்டுவார். சுவருக்குக் கறுப்பு அடிக்காதீர்கள் என்றால் கறுப்பு. அதுதான் அந்தப் பகுதியின் முறை. ஜனங்கள் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கைக்குக்கூட ரசிகர்கள் இருந்தார்கள். மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு இருக்கும் அந்தக் கை, அவருடைய கணவருடையது. கேமரா பிடிக்கிறவர் அவர்தான். முகத்தை யாரும் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை என் முறை. என் கருத்தை என் படத்தோடு போட்டார்கள். அதில் நான் மைத்துனன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டோடு, கையில் ஸ்பேனரோடு நிற்பேன். மகள் விளையாட்டுக்கு எடுத்தது. எனக்குப் பிடித்த படம். "ஹீட்டர் அண்ணா வந்துட்டார், கோட்டெல்லாம் போட்டுட்டு வந்திருக்கார்" என்றார் சுத்தியல் அக்கா. அந்தக் கை தண்ணீரை நீட்டியது. டியூபைக் கையால் தட்டி, "இது எங்க பேத்தி காலம் வரைக்கும் தாங்கும்" என்று சிரித்தார். கேமரா லேசாகக் குலுங்கியது. பிடித்திருந்தவரும் சிரித்திருக்கிறார்.

நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு வீட்டில் புகைக்குழாய் அடைத்திருந்தது. குமிழைக் கழற்றப் போனேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அட, ஹீட்டர் அண்ணாவா? தண்ணி குடிங்கண்ணா" என்றார். உள்ளேயிருந்து குழந்தைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். உண்மையிலேயே ஒரு டம்ளர் கொண்டுவந்தார்கள். குமிழைக் கொடுக்கவில்லை. நான் வெறுங்கையோடு வந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கடை ஷட்டரில் டம்ளர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சுரண்டினால் மறுநாள் இரண்டு ஒட்டியிருக்கும். தையல்காரர் என் நண்பர்தான், அவரே ஒருநாள் என்னைப் பார்த்ததும் கூஜாவைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். "தட்டைப் பார்த்துச் சாப்பிடு" என்றேன். அவள் நிமிராமல், "தண்ணி குடிங்கப்பா" என்றாள். பதினைந்து வயசு, அது பேசத்தான் செய்யும். ஆனால் என் மனைவி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் டம்ளரை எடுத்துக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். எனக்குக் கோபம் வந்தது, மேடம். அதை மறைக்கப் போவதில்லை.

அதன் பிறகு மூன்று மாதம் நான் எதுவும் எழுதவில்லை. படித்தேன். அந்தச் சேனலிலும் மற்ற சேனல்களிலும் சண்டைகளைத் தேடித் தேடிப் படித்தேன். யாராவது ஒரு தப்பைச் சொன்னால் ஜனங்கள் என்ன பதில் போடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தேன். "எரியுதா?" "கதறல் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது." "பிடிக்கலன்னா தள்ளிப் போங்க." "வந்துட்டார்யா வாத்தியார்." "முதல்ல நீங்க ஒண்ணு செஞ்சு காட்டுங்க." "வேற வேலை இல்லையா?" எல்லாம் எங்கள் கடையில் இருக்கும் அடைப்பான்கள் மாதிரிதான். எந்தக் குழாயாக இருந்தாலும் வாயில் வைத்துத் திருகிவிடலாம். உள்ளே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டியதில்லை. நாற்பது பக்கம் குறித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகியது. இந்தப் பதில்கள் சொல்லப்பட்ட விஷயத்துக்கு வருவதில்லை, சொன்ன ஆளுக்கு வருகின்றன. ஆளை எரிச்சல் வருகிற மாதிரி ஆக்கிவிட்டால், அவன் சொல்லும் உண்மையை யாரும் தொட மாட்டார்கள். சுத்தியல் அக்கா இன்னும் ஒருபடி மேல். அவர் அதை எதிர்த்துச் செய்தே தீருவார்.

முதலில் சின்னதாகச் சோதித்துப் பார்த்தேன். மாடிப்படிக்கு வழவழப்பான பெயின்ட் அடிக்காதீர்கள், வழுக்கும் என்று எழுதினேன். கூடவே, "படித்தவர்களுக்குத்தான் புரியும்" என்று ஒரு வரி சேர்த்தேன். சனிக்கிழமை வாசித்தார். "ஹீட்டர் அண்ணா இப்போ பெயின்ட் அண்ணா ஆயிட்டார்" என்றார். தண்ணீர் குடித்தார். வழவழப்பான பச்சை பெயின்ட் அடித்தார். அதற்கடுத்த சனிக்கிழமை டம்ளரை நீட்டிய கையில் கட்டுப் போட்டிருந்தது. படியில் விழுந்திருக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். மனைவி என்ன விசேஷம் என்று கேட்டாள். வியாபாரம் நன்றாக இருக்கிறது என்றேன்.

பிறகு குளியலறை வேலை ஆரம்பித்தது. ஹீட்டரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தார்கள். உங்கள் மேசையில் இருக்கும் பதினொரு கருத்துகளும் அதைப் பற்றியவை. ஒன்றுகூடப் பொய் இல்லை. எந்தப் பரிசோதகரிடம் வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் மஞ்சள் கோடு போட்டது எல்லாமே நடுவில் இருக்கும் வரிகள். தயவுசெய்து ஒவ்வொன்றிலும் முதல் வரியையும் கடைசி வரியையும் படியுங்கள். அங்கேதான் நான் உழைத்திருக்கிறேன்.

நான்காவது கருத்து. நடுவில், "கதவுக்கு மேலே உள்ள காற்றுத் துளையை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது" என்று இருக்கிறது. நீங்கள் அதற்குத்தான் கோடு போட்டீர்கள். முதல் வரி, "நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்திருப்பீர்கள்." கடைசி வரி, "பெண்கள் அழகைப் பார்ப்பார்கள், அறிவைப் பார்க்க மாட்டார்கள்." அந்த வரியை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் கருவி அழுக்காக இருக்கிறதே என்று பார்க்க முடியாது. அந்தச் சனிக்கிழமை அவர் துளை இருந்த இடத்தில் ஒரு வட்டக் கண்ணாடியைப் பதித்தார். அழகாகத்தான் இருந்தது.

ஏழாவதில் கதவுக்குக் கீழே இடைவெளி வேண்டும் என்று எழுதினேன். ரப்பர் பட்டை ஒட்டினார். எட்டாவதில் ஜன்னல். ஒன்பதாவதில், நெருப்பு மஞ்சளாக எரிகிறதே, கவனியுங்கள் என்று எழுதினேன். அது உண்மையிலேயே மஞ்சளாக எரிந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "தங்க நிற நெருப்பு, எங்க டைல்ஸுக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க" என்றார். பதினொன்றாவதைப் பதினெட்டு தடவை திருத்தினேன். அதில் "இது கடைசி எச்சரிக்கை" என்று பெரிய எழுத்தில் ஆரம்பித்தேன். அப்படி ஆரம்பிக்கிற எதையும் எவரும் மதித்து நான் பார்த்ததில்லை.

அந்த வீடு என் கடையிலிருந்து மூன்று பேருந்து நிறுத்தம். போய், கதவைத் தட்டி, குமிழைக் கழற்றி எடுத்துவர எனக்குக் கால் மணி நேரம் போதும். நான் போகவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுத்தியல் அக்கா கீழே ஓடு அறுத்துக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று உங்களிடம் சொன்னாராம். நான் மனதில் வைத்திருந்தது அவரைத்தான். குளிக்கப் போனது கை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். யாரோ என் பதினொரு கருத்துகளையும் தேடி எடுத்துப் போட்டார்கள். "ஹீட்டர் அண்ணா சொன்னார், நாம சிரிச்சோம்" என்று லட்சம் பேர் பகிர்ந்தார்கள். ஷட்டரில் இருந்த ஸ்டிக்கர்களை ஒட்டினவர்களே வந்து சுரண்டினார்கள். தையல்காரர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வேலை குவிகிறது. இப்போது குமிழைக் கேட்டால் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிஸ்கட் டின் நிரம்பி இரண்டாவது டின் வைத்திருக்கிறேன். மகள் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாரிப்பா" என்றாள். மனைவி எனக்குச் சோறு போடும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரு மனிதனுக்கு வேறு என்ன வேண்டும்? நான் பேசாமல் இருந்திருக்கலாம். நீங்கள் நன்றி சொல்லி அனுப்பியிருப்பீர்கள்.

ஆனால் போன வியாழக்கிழமை சுத்தியல் அக்கா கடைக்கு வந்தார். வெளிச்சத்தில் நின்றதால் முதலில் யாரென்று தெரியவில்லை. மெலிந்திருந்தார். நகங்களில் இன்னும் சிமென்ட் இருந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அண்ணா, நீங்க எங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அத்தனை தடவை சொன்னீங்க. நான்தான் திமிர் பிடிச்சு அவரைக் கொன்னுட்டேன். நீங்க என்னை மன்னிக்கணும்."

காலில் விழப் போனார். நான் தடுத்தேன். "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அவர் போன பிறகு கடையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை மாத உழைப்பு. நூறு வரிகளைத் திருத்தித் திருத்தி எழுதினேன். கடைசியில் இந்த அம்மா அதை விபத்து என்கிறார், தன் தப்பு என்கிறார், என்னை நல்லவன் என்று கும்பிடுகிறார். அடி விழுந்தது தெரிகிறது, அடித்தது யார் என்று தெரியவில்லை. அப்படியானால் நான் எதற்காக அடித்தேன்? அதனால்தான் எழுதுகிறேன். மனசாட்சி உறுத்தி எழுதுகிறேன் என்று யாரும் குறித்துவைக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தக் கணவரின் போன் தண்ணீரில் கிடந்தது, உங்கள் ஆட்களால் இன்னும் திறக்க முடியவில்லை என்று சொன்னீர்கள். திறந்தால் அதில் என் பெயர் இருக்கும். அதற்குப் பயந்து முந்திக்கொண்டு சொல்கிறேன் என்று நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மத்தியானம், எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"அண்ணா, நான்தான் தண்ணி கொடுக்கிற கை. முதல் தடவை நீங்க அந்த டியூப் பத்தி சொன்னீங்கல்ல, அன்னைக்கு சாயங்காலமே அவளுக்குத் தெரியாம மாத்திட்டேன். உள்பக்கம் கருகிப்போய் இருந்துச்சு. உங்களாலதான் தப்பிச்சோம். நன்றி சொல்லணும்னு நினைச்சுட்டே இருந்தேன், வெட்கமா இருந்துச்சு. இப்போ பாத்ரூம் பத்தி சொல்றீங்களே, அது நிஜமாவே ஆபத்தா? இல்ல எங்க மேல கோபத்துல சொல்றீங்களா? ஆபத்துன்னா ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா, நாளைக்கே எல்லாத்தையும் பிரிச்சுடறேன். அவகிட்ட நான் பேசிக்கறேன்."

நான் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை படித்தேன். நான் சொன்னதை யாரும் கேட்டதில்லை என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கிறார்கள். என் முதல் கருத்து எழுதிய அன்றைக்கே ஒருவர் கேட்டுவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பதில் எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. "தண்ணி குடிங்க தம்பி" என்று அனுப்பினேன்.

அவர் ஒரு சிரிப்பு முகம் போட்டார். "அப்போ பெரிசா ஒண்ணும் இல்லைல்லண்ணா?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் போடவில்லை.

இந்தத் தாள்களைச் சுத்தியல் அக்காவிடம் படித்துக் காட்டுங்கள், மேடம். ஒரு வரிகூட விடாமல் படியுங்கள், முக்கியமாக அந்த டியூப் விஷயத்தை. அவர் அழுவார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் தயாராக வைத்திருங்கள். இப்போது அவருக்கு எடுத்துக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை.